ஜமைக்காவின் 129 குழந்தைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஊட்டம் குறைந்த குழந்தைகளோடு வாரம் ஒரு மணி நேரம் விளையாடியதால், இருபது வருடம் கழித்து அவர்களுடைய சம்பளம் 25 சதவீதம் கூடியது என்று ஜமைக்கா ஆய்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னால் நம்ப முடியவில்லை. மொத்தமே 129 குழந்தைகள். அதிலும் பால்மாவு கொடுத்ததற்குக் கடைசியில் பலன் தெரியவில்லை, விளையாட்டுக்குத்தான் பலன் என்கிறார்கள். நாளைக்கே ஒரு அதிகாரி இதைப் படித்துவிட்டு, "முட்டைக்கு எதற்குச் செலவு, அம்மாக்களுக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்தால் போதுமே" என்றால் என்ன செய்வது? என் அக்கா தருமபுரிப் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர். சமையலைக் கவனிக்க, எடை போட, போனில் பதிவேற்ற என்றே அவளுக்குப் பொழுது போய்விடுகிறது. இனி வீடு வீடாகப் போய் விளையாடுவதும் அவள் தலையில்தானே விழும்? இந்த மாதிரி ஆய்வுகளால் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன பிரயோஜனம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பயம் நியாயமானது. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிற பலரும் சம்பளக் கணக்கைச் சொல்லிவிட்டு, ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் அந்த இரண்டு வருடமும் யார் என்ன செய்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். என் கட்டுரையிலும் அதற்கு அதிகம் இடம் இருக்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986-87இல் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். ஆய்வை நடத்தியது மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாலி கிராந்தம்-மெக்கிரெகர், கிறிஸ்டின் பவல், சூசன் வாக்கர் முதலியோரின் குழு. குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு, ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேர வீட்டு வருகை, ஒரு பிரிவுக்கு இரண்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வருகிறவர் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற சமூக சுகாதார உதவியாளர். கையில் ஒரு பை. அதில் காலி பிளாஸ்டிக் பாட்டில், அட்டை, துணி இவற்றில் செய்த பொம்மைகள், கையால் செய்த படப் புத்தகம். தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடுவார். கொஞ்ச நேரத்தில் அம்மாவையும் விளையாட்டில் இழுத்துக்கொள்வார். "இது மூக்கு, இது காது" என்று அம்மாவைச் சொல்ல வைப்பார். குழந்தை சரியாகச் செய்தால் குழந்தைக்குப் பாராட்டு, அம்மா சரியாகச் செய்தால் அம்மாவுக்கும் பாராட்டு. கிளம்பும்போது பொம்மைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்த வாரம் அவற்றை எடுத்துக்கொண்டு வேறு பொம்மைகள் தருவார். இப்படி இரண்டு வருடம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் எனக்கு நிரம்பவும் முக்கியமாகப் படுகிறது. ஊட்டம் குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும். அதிகம் நகராது, எதையும் எடுத்துப் பார்க்காது, எதையும் கேட்டு அழாது. உருவமும் சிறியது. ஒன்றரை வயசுப் பிள்ளை பத்து மாசக் குழந்தை மாதிரி தெரியும்போது வீட்டில் உள்ளவர்களும் பத்து மாசக் குழந்தையிடம் பேசுகிற அளவுக்குத்தான் பேசுவார்கள். மூளை வேகமாக வளர்கிற பருவத்தில் அந்தப் பிள்ளையின் காதில் விழுகிற பேச்சே குறைந்துவிடுகிறது. வயிற்றில் தொடங்கிய குறை இப்படித்தான் பேச்சுக்குப் போய், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்கிறது. இதை உயிரியல், மருத்துவம், கல்வி என்று தனித்தனித் துறையாக வைத்துப் பார்த்தால் பிடிபடாது.

சரி, 129 பேர் போதுமா? சிறிய ஆய்வில் பெரிய எண் வந்தால், உண்மையான அளவு அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் 25 சதவீதம் என்ற எண்ணை நான் அப்படியே கையில் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தப் போக்கை நம்புகிறேன். காரணம், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 22 வயதில் 129 பேரில் 105 பேரைத் தேடிப் பிடித்தார்கள், வெளிநாடு போனவர்கள் உட்பட. வீட்டு வருகை கிடைத்தவர்களுக்குப் படிப்பு அதிகம், அறிவுத்திறன் மதிப்பெண் அதிகம், அடிதடியில் இறங்கியது குறைவு. சம்பளக் கணக்கு 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 31 வயதில் மறுபடி பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை, கூடத்தான் செய்திருந்தது. ஒரு குழு முப்பது வருடம் அதே பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. அந்த விடாப்பிடிக்கு நான் கைகூப்புகிறேன்.

இனி முட்டைக்கு வருகிறேன். ஜமைக்காவில் பால்மாவு கொடுத்தபோது முதல் இரண்டு வருடம் அதற்கும் பலன் இருந்தது. பின்னாளில்தான் அது தேய்ந்தது. தொடங்கியபோதே பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் தாண்டிவிட்டது, உயரம் குறைந்தும் விட்டது. ஒரு கிலோ மாவு வீட்டுக்குள் வந்தால் அது ஒரு பிள்ளைக்கு மட்டும் போகும் என்றும் சொல்ல முடியாது. இதை வைத்து உணவால் பயனில்லை என்று யாராவது சொன்னால், அவரிடம் குவாதமாலாவைப் பற்றிக் கேளுங்கள். அங்கே 1969 முதல் 1977 வரை இரண்டு கிராமங்களில் புரதம் சேர்ந்த 'அதோலே' என்ற கஞ்சியையும், வேறு இரண்டு கிராமங்களில் புரதம் இல்லாத ஒரு பானத்தையும் கொடுத்தார்கள். பல வருடம் கழித்துப் பார்த்தால், பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை அந்தக் கஞ்சி கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகம். பெண்களுக்குக் கூலியில் வித்தியாசம் தெரியவில்லை, படித்த வகுப்புகள் கூடியிருந்தன. ஆக, சரியான வயதில் போட்ட சோறும் பேசுகிறது. முட்டையில் கை வைக்க ஜமைக்கா ஆய்வு யாருக்கும் அனுமதி தரவில்லை. தமிழ்நாட்டிலேயே, 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

கொலம்பியாவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜமைக்கா முறையை அங்கே 96 ஊராட்சிப் பகுதிகளில் 1,420 குழந்தைகளை வைத்துச் செய்து பார்த்தார்கள். உள்ளூர்ப் பெண்களே பதினெட்டு மாதம் வீடு வீடாகப் போனார்கள். முடிந்த கையோடு சோதித்தபோது பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்த வித்தியாசத்தைக் காணோம். ஒரு இடத்தில் முளைத்தது எல்லா இடத்திலும் முளைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் அக்காவைப் பற்றிய கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியது. ஜமைக்காவில் பாட்டில் பொம்மைக்குச் செலவே இல்லை. செலவு முழுக்க ஆளுக்குத்தான். அந்த வேலைக்கென்றே ஆள் போட்டு, சம்பளம் கொடுத்து, அவரைக் கவனிக்க இன்னொருவரை வைத்தார்கள். கொள்கை வகுப்பவர்கள் பொம்மையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டால் அது வேறு திட்டம்.

இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தமிழக அரசோடு சேர்ந்து 640 அங்கன்வாடி மையங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதி மையங்களில் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை நியமித்தார்கள், முன்பருவக் கல்விக்கு மட்டும். அவ்வளவுதான் மாற்றம். பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறின. கூடவே, உயரக் குறைபாடும் கடுமையான ஊட்டக் குறைபாடும் குறைந்தன. புதிதாக வந்தவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டதால், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. உங்கள் அக்கா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதை 640 மையங்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். பிரயோஜனம் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? அவர் குறை சொன்னால் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். இந்த எண்களை அப்படித் தள்ள முடியாது. நிதி ஒதுக்கும் மேசையில் வைத்துக் கேட்கலாம், கிராமசபையிலும் கேட்கலாம்.

அக்காவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். ஒரு சாதாரண நாளில், எடை, சமையல், பதிவேடு, போன் எல்லாம் போக, பிள்ளைகளோடு தரையில் உட்கார அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? அவர் மையத்தில் உதவியாளர் இருக்கிறாரா, அந்த இடம் காலியா? மற்ற அங்கன்வாடிப் பணியாளர்களும் எழுதினால், ஊர் பெயர் இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே வெளியிடுகிறேன்.