பதினொரு மணிக்கு வெந்நீர் வைப்பவர்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள். சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை என்று பணம் திரட்டினார்கள். 500 ரூபாய் கொடுத்துவிட்டு, "யார் அவர்?" என்று கேட்டேன். "3 வருடமாகத் தினமும் 11 மணிக்கு உங்கள் மேசையில் வெந்நீர் வைக்கிறாரே, அவர்தான்" என்றார்கள். எவ்வளவு யோசித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. நான் இரக்கமற்றவளா? சுற்றியிருப்பவர்களை உணர்ந்து வாழ எப்படிப் பழகுவது?
– ஒரு வாசகி, பெங்களூரு.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நெஞ்சில் இரக்கம் இருந்தும் கண் காணாமல் போவது உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை ஒன்று 1973இல் வெளியானது. மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றும்படி அனுப்பினார்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கொடுக்கப்பட்ட பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அந்நியனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. போகும் வழியில், இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் ஒருவர் சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று எண்ணி நடந்தவர்களில் 63 சதவீதத்தினர் அவருக்கு ஏதேனும் உதவி செய்ய முன்வந்தார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர் மட்டுமே முன்வந்தார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலர் கிடந்தவரைத் தாண்டியே நடந்தார்கள். ஊழியத்துக்கென்று தங்களை ஒப்புக்கொடுத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய கண்ணை மறைத்தது அவசரம். வெளிவட்டச் சாலையின் நெரிசலைக் கடந்து, அன்றைய முதல் கூட்டத்துக்குத் தாமதமாகிவிடுமோ என்ற பதைப்போடு மேசைக்கு வந்து சேரும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 3 ஆண்டுகளையும் அவசரத்தின் தலையில் கட்டிவிட முடியாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததனால்தான் ஜெபம் நின்றிருக்கிறது. ஆகவே லூக்கா 16ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இயேசு சொன்ன உவமைகளில் வரும் விதைக்கிறவனுக்கும் மேய்ப்பனுக்கும் சமாரியனுக்கும் பெயரில்லை. ஐசுவரியவானின் வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த தரித்திரனுக்கு மட்டும் லாசரு என்ற பெயர் இருக்கிறது. அந்த ஐசுவரியவானுக்கு இவனைத் தெரியாது என்றே நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தெரியும். இருவரும் இறந்தபின், பாதாளத்திலிருந்து கண்களை ஏறெடுத்ததும் ஐசுவரியவான் லாசருவின் பெயரைச் சொல்லியே கேட்கிறான். என்ன கேட்கிறான் என்பதைப் பாருங்கள்: விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்துத் தன் நாவைக் குளிரப்பண்ண லாசருவை அனுப்ப வேண்டும், அது ஆகாதென்றால் தன் ஐந்து சகோதரரை எச்சரிக்க அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவன் பேசுவதெல்லாம், லாசருவைத் தன்னருகே வைத்திருக்கும் முற்பிதா ஆபிரகாமிடம். லாசருவை நோக்கி ஒரு சொல்கூட இல்லை. இத்தனைக்குப் பிறகும் லாசரு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு கையாகவும், செய்தி கொண்டுபோகும் ஓர் ஆளாகவுமே தெரிகிறான்.

இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை; என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் சபையில் ஒரு கோயில்பிள்ளை இருந்தார். கதவைத் திறப்பதும், மணியடிப்பதும், பாய் விரிப்பதும், நற்கருணைப் பாத்திரங்களைத் துலக்குவதும் அவர்தான். சாவி வேண்டுமென்றால் அவரைத் தேடுவேன்; சாவி கிடைத்ததும் அவர் என் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார். பெயர் நன்றாகத் தெரியும், நாளைக்குப் பத்து முறை அழைத்திருக்கிறேன். அவருடைய அடக்க ஆராதனையில்தான், கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் போகும் சுரங்கத்தில் அவர் பல ஆண்டுகள் இறங்கி உழைத்தவர் என்பதும், 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிழைப்புக்காகப் பெங்களூரு வந்தவர் என்பதும் எனக்குத் தெரியவந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது, ஒன்றையும் வேண்டாமல் அவர் அருகில் நான் உட்கார்ந்திருந்தால் அதை அவர் வாயாலேயே கேட்டிருப்பேன். இப்போது கேட்க முடியாது.

எனவே அலுவலகத்தில் உள்ள எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்யும் முயற்சியில் இறங்காதீர்கள். அது இன்னொரு வேலையாகிவிடும், அவர்களும் உங்கள் மனசாட்சியை ஆற்றிக்கொள்ளும் கருவிகளாகிவிடுவார்கள். ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெத்சாயிதாவில் குருடனுக்கு இயேசு இரண்டு முறை கை வைத்தார். முதல் முறைக்குப் பின் "எதையாகிலும் காண்கிறாயா" என்று அவர் கேட்டபோது, மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்று அவன் உள்ளதைச் சொன்னான். நன்றாகத் தெரிகிறது என்று மரியாதைக்காகச் சொல்லியிருந்தால் அத்தோடு திரும்பிப் போயிருப்பானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேறு வார்த்தை வராவிட்டால் அவனுடைய வார்த்தையையே நீங்களும் கர்த்தரிடம் சொல்லுங்கள். அது முழுமையான ஜெபம்.

அந்தச் சகோதரி விடுப்பு முடிந்து வந்ததும், 3 ஆண்டுகளாகக் கவனிக்கவில்லையே என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதுவிடாதீர்கள். கணவரின் நோயோடு உங்கள் குற்ற உணர்வையும் அவர் சுமக்க நேரிடும். எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துப் பேசவும் வேண்டாம். இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள்; நின்று பேசியதற்காக சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கப்போவது அவர்தான். 11 மணிக்குச் சற்று முன்னால் நீங்களே பேன்ட்ரிக்குப் போய் வெந்நீரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அவர் தமிழ் பேசுகிறவராக இருக்கவும் கூடும். தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து போகிறவர்களில் ஒருவராகக்கூட இருக்கலாம். அவர் எந்த மொழியில் பேசினாலும், கணவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை கைப்பேசியை எடுக்காமல் நில்லுங்கள். அடுத்த பரிசோதனை வியாழக்கிழமை என்று அவர் சொன்னால், வெள்ளிக்கிழமை மறக்காமல் போய் விசாரியுங்கள்.