அணுமின் பாதுகாப்பு வேலைக்கு எந்த வாசல் வழியாகப் போவது?

கேள்வி: எனக்கு 24 வயது. மெக்கானிக்கல் முடித்து, இரண்டு வருடமாக ஓர் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பராமரிப்பில் இருக்கிறேன். அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் வேலைக்குப் போக ஆசை. நேராக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு முயலட்டுமா, அணுமின் நிலையத்தில் சேரட்டுமா? பின்னாளில் நிர்வாகப் பொறுப்புக்கு எம்.பி.ஏ. உதவுமா?

பதில்: அணுமின் நிலையத்தில் சேருங்கள். இரண்டு வாசலும் திறந்திருந்தாலும் என் யோசனை இதுதான். காரணத்தை உங்களுக்குப் பழக்கமான டர்பைனை வைத்தே சொல்கிறேன்.

1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் பிளேடுகள் இரண்டு முறிந்தன. அந்த அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்திய உலையிலும் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும், அதைக் குளிர்விக்க மின்சாரம் வேண்டும். மாற்று மின்சாரம் இல்லாமல் இல்லை. அதன் கேபிள்கள் பிரதான கேபிள்களோடு ஒரே வழியில், சரியான தீத்தடுப்பு இல்லாமல் போயிருந்தன. எல்லாம் கருகின. சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. கன்ட்ரோல் ரூம் முழுக்கப் புகை. ஊழியர்கள் கைவிளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வைக் கையால் திறந்து, அணுவினை மீண்டும் தொடங்காமல் தடுக்கும் போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளால் தண்ணீர் ஏற்றிக் குளிர்வித்தார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

வரைபடத்தில் அந்த இரண்டு மின்வழிகளும் இரண்டு தனிக் கோடுகள். கேபிள் போகும் பாதையில் நடந்து பார்த்தவருக்குத்தான் ‘இங்கே தீப்பிடித்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கத் தோன்றும். கண்காணிப்பு வேலையின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை மேஜையில் உட்கார்ந்து கற்க முடியாது.

வழி இது. அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகம், கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து நிர்வாகப் பயிற்சியாளர்களை எடுக்கிறது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26 என்றே அறிவிப்புகளில் வந்திருக்கிறது. ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குத் தளர்வு உண்டு. உங்களுக்குத் தள்ளிப்போட நேரமில்லை. பயிற்சி ஒரு வருடம். பிறகு ஆபரேஷன் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அங்கே ஷிப்ட் பொறுப்புக்கு உயர, ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்: எழுத்துத் தேர்வு, நிலையத்துக்குள் நடக்கவைத்துக் கேள்வி கேட்கும் தேர்வு, நேர்காணல். கடினம்தான். ஆனால் அந்த உரிமத்துக்கு இந்தத் துறையில் உள்ள மதிப்பு எந்த எம்.பி.ஏ.வுக்கும் கிடையாது. நிலைய இயக்குநர் நாற்காலிக்கும் இதுதான் ராஜபாட்டை.

பாதுகாப்புக் கண்காணிப்பு என்றதும் வாரியத்தை மட்டும் நினைக்காதீர்கள். நிலையத்துக்குள்ளேயே ஆய்வுக் குழு உண்டு. கழகத்தின் தலைமையகத்தில் இன்னொன்று. அதற்கு மேல்தான் வாரியத்தின் குழுக்கள். நிலையத்தின் இயக்க உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 10 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அடியிலிருந்து மறு ஆய்வு செய்வார்கள். இவை எல்லாவற்றிலும் ஆலை தெரிந்த பொறியாளருக்கு இடமிருக்கிறது. அனுபவம் சேர்ந்தபின் வாரியத்துக்கே விண்ணப்பிக்கலாம். அனுபவசாலிகளை நேரடியாக எடுக்கும் அறிவிப்புகளும் வருவதுண்டு. நேராகத்தான் போவேன் என்றால் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி வழியாக வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். அதற்கும் வயது வரம்பு ஏறக்குறைய இதேதான்.

இன்னொன்றையும் இப்போதே பழகுங்கள்: எழுத்து. ‘இந்த வால்வைச் சோதிக்காமல் உலையைத் தொடங்கக் கூடாது’ என்று ஒரு நாள் நீங்கள் எழுத வேண்டி வரும். மின்சாரம் கேட்டு மேலிருந்து நெருக்குவார்கள். எந்த விதி, எந்த அளவீடு, என்ன ஆபத்து என்று அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரியாவிட்டால் உங்கள் ஆட்சேபம் அங்கே நிற்காது. உங்கள் டர்பைனின் அதிர்வு அளவீடுகளை வைத்து வாரம் ஓர் அறிக்கை எழுதிப் பாருங்கள்.

கேட் விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும்; தேர்வு பிப்ரவரியில். வெப்ப இயக்கவியலையும் வெப்பப் பரிமாற்றத்தையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.