கிரீட் தீவுல எந்த பீச்சுக்கு போறது? உங்க கேள்விகளும் என் பதிலும்

கிரீஸ் நாட்டுத் தீவு கிரீட் பத்தி கேட்டவங்கள்ல பாதிப்பேர் பீச் பேரைத்தான் கேக்கறீங்க, எங்க தங்கறீங்க எந்த மாசம் போறீங்கன்னு சொல்றதே இல்ல. அதுதாங்க முக்கியம்.

ஹெராக்ளியோன்ல ரூம் போட்டாச்சு. பாலோஸ், எலஃபோனிசி ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

வேணாங்க. தீவு கிழக்கு மேற்கா சுமார் 260 கிலோமீட்டர். ஹெராக்ளியோன்லருந்து மேற்கால ஹனியா ஊருக்கே 140 கிலோமீட்டர் போகணும், இந்த ரெண்டு பீச்சும் அதையும் தாண்டி, மலை ரோடு வேற, நாள் பூரா கார்லயே உக்காந்துட்டு இருப்பீங்க. ஹனியா இல்லன்னா கிஸ்ஸாமோஸ்ல ரெண்டு நைட் தங்குங்க. முடியலன்னா தெற்கால மத்தாலா போயிட்டு வாங்க, பாறைல குடைஞ்ச குகைங்க இருக்கும், 60கள்ல ஹிப்பிங்க குடியிருந்த இடம்.

எனக்கு நீச்சல் தெரியாது, கூட 4 வயசு பொண்ணு. எது சேஃப்?

எலஃபோனிசி. காத்து இல்லாத நாள்ல முழங்கால் தண்ணிலயே நடந்து எதிர்ல இருக்கற குட்டித் தீவுக்கு போயிடலாம். ஆனா ரோஸ் கலர் மணல்னு போட்டோ பாத்துட்டு போனா ஏமாந்துடுவீங்க, தண்ணி ஓரம் ஈர மணல்ல ஒரு கோடு மாதிரிதான் தெரியும். குனிஞ்சு பாத்தா பொடிப்பொடியா சிவப்பா கிடக்கும், எல்லாம் கடல் உயிரிங்களோட உடைஞ்ச ஓடு. பாப்பா பாட்டில்ல அள்ளப் பாக்கும், விடாதீங்க, மணல் எடுக்கறதுக்கு அங்க தடை. காலைல சீக்கிரம் போயிடுங்க, 11 மணிக்கு மேல குடையும் தலையும்தான் தெரியும்.

பாலோஸுக்கு கார்ல போகலாமா, போட்லயா?

போட்தான். நான் வீம்புக்கு வாடகைக் கார்ல போனேன், கடைசி எட்டு கிலோமீட்டர் மண்ரோடு, ஒரு பக்கம் பள்ளம், நடுரோட்டுல ஆடு படுத்துக்கிட்டு ஹாரன் அடிச்சாலும் எந்திரிக்கல. டயர் கிழிஞ்சதுக்கப்புறம்தான் இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படிக்கறேன், மண்ரோடு கவர் ஆகாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பார்க்கிங்லருந்து கீழ இறங்கும்போது ஜாலியா இருக்கும், மத்தியான வெயில்ல அதே வழியா ஏறணும் பாருங்க, அப்ப தெரியும். கிஸ்ஸாமோஸ் போட் கிராம்வூசா கோட்டைக்கும் கூட்டிட்டுப் போகும்.

ஆகஸ்ட்ல கடல் அமைதியா இருக்குமா?

ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து வரும், நாள்கணக்குல அடிக்கும். அப்ப வடகரைல அலை, செவப்புக் கொடி. மலைக்கு அந்தப் பக்கம் தென்கரைல பெரும்பாலும் அலை இருக்காது, ஆனா சில இடத்துல மலைலருந்து இறங்கற காத்து மணலை வாரி மூஞ்சில அடிக்கும். காலைல காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு பீச்சை முடிவு பண்ணுங்க, முந்தின நாளே பண்ணாதீங்க.

பனைமர பீச் வாய் (Vai)ங்கற இடத்துல இருக்கா, பிரெவெலிலயா?

ரெண்டுலயும். வாய் கிழக்குக் கோடில இருக்கு. என் ஓட்டு தென்கரைல இருக்கற பிரெவெலிக்கு. 2010ல தீப்பிடிச்சு கருகின மரங்க திரும்ப தளிர்த்துடுச்சு. ஆறு கடல்ல சேர்ற இடத்துல கால் வெச்சா ஆத்துத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், ரெண்டடி தள்ளி கடல் வெதுவெதுன்னு.

சாயங்காலம் ஒரே ஒரு பீச்னா?

ஃபலசர்னா, மேற்கு பாத்தது. சூரியன் கடலுக்குள்ள போறது நேரா தெரியும். வடக்கால கொஞ்சம் நடந்தா பழைய துறைமுகம். கி.பி. 365 நிலநடுக்கத்துல தரையே ஆறு மீட்டருக்கு மேல எழும்பிடுச்சு, கப்பல் நின்ன எடத்துல இப்ப புதர் மண்டிக் கிடக்கு, கடல் அந்தாண்ட இருக்கு.