ஸ்டீபனைக் கொன்னுடாதீங்க அக்கா: வாசகர் கேள்வி – பதில்

தொடர்கதை போன வாரத்தோடு முடிந்தது. இருபது வாரம் கூடவே வந்தவர்களுக்கு நன்றி. படிக்காதவர்களுக்காகக் கதை இதுதான்: பெரம்பூரில் பிளஸ் டூ படிக்கும் முரளியும் ஸ்டீபனும் தெருமுனை கேரம் கிளப்பில் ஜோடியாக டபுள்ஸ் ஆடுகிறார்கள். ஆடி ஆடி ஒருவன் மேல் ஒருவனுக்குப் பிரியம் வந்துவிடுகிறது. அது வெறும் நட்பு இல்லை என்பது முதலில் ஸ்டீபனுக்கும், ரொம்பத் தாமதமாக முரளிக்கும் புரிகிறது. கடைசி அத்தியாயத்தில் இருவரும் 29சி பஸ் பிடித்து பெசன்ட் நகர் போகிறார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'பெயர் போட வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டிருந்ததால் இந்த முறை யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர் நீங்கள். இரண்டு பையன்கள் காதலிப்பதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?
– கொளத்தூர்

என் தம்பியைத் தெரியும். 1994-ல் அவன் பிளஸ் டூ. கூடப் படித்த பையனுக்கு எழுதி, கொடுக்காமல் கெமிஸ்ட்ரி நோட்டுக்குள் வைத்திருந்த கடிதம் அப்பா கையில் கிடைத்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதம் மாத்திரை. பகலெல்லாம் தூங்குவான், வாய் உலர்ந்துபோய் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பான், கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை வைத்தால் விரல் நடுங்கும். அந்த வருடம் பரீட்சையே எழுத முடியவில்லை.

தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதென்று உலக சுகாதார நிறுவனம் முடிவு செய்தது 1990 மே 17-ல். என் தம்பி அந்த அறைக்குள் போவதற்கு நான்கு வருடம் முன்பு. அப்பாவுக்கு அது தெரிய வழியில்லை, சரி. அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவன் இப்போது புனேயில் நல்ல வேலையில் இருக்கிறான். முதல் வாரம் படித்துவிட்டுப் போன் பண்ணினான், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அக்கா, போர்டுக்கு இவ்வளவு பவுடர் போட மாட்டாங்க, காயின் நிக்காம ஓடிடும்" என்றான். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவன் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன்.

குடும்பப் பத்திரிகையில் ஓரினச்சேர்க்கையைப் பற்றி எழுதலாமா?
– அண்ணா நகர் மேற்கு

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். 'சேர்க்கை' என்ற சொல் வந்ததும் மனசு நேராகப் படுக்கையறைக்குப் போய்விடுகிறது. முரளி, ஸ்டீபன் இருவருக்கும் 17 வயது. இருபது வாரத்தில் அவர்கள் கை பிடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கிளப்பில் கரண்ட் போன நேரத்தில். ஒரு பெண்ணும் பையனும் காதலிக்கும் கதையை 'எதிர்பாலினச் சேர்க்கைக் கதை' என்று யாராவது சொல்வோமா? இவர்களுக்கு இருப்பது தன்பால் ஈர்ப்பு. உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு அரசே 2022-ல் இவர்களையெல்லாம் மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. குடும்பப் பத்திரிகை என்பதால்தான் இங்கே எழுதினேன். இந்தப் பிள்ளைகள் நம் வீட்டு ஹாலில்தானே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஏன் கேரம்? கிரிக்கெட் என்றால் எல்லோருக்கும் புரியுமே!
– ராயபுரம்

ராயபுரத்திலிருந்து இந்தக் கேள்வியா! 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்கள் பக்கத்துப் பெண். இரண்டு தடவை உலக சாம்பியனான மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். கேரம் இங்கே தெருவோடு இருக்கிற ஆட்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. டபுள்ஸில் ஜோடி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரெதிரே உட்காருகிறது. ஆட்டம் முடியும்வரை பார்ட்னர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவன் எந்தக் காயினைக் குறிவைக்கிறான், ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் எப்படித் தவிக்கிறான் என்பதெல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வருடம் படித்தபோது ஸ்டீபன் கவனிக்காததையெல்லாம் அந்த போர்டுக்கு எதிரே உட்கார்ந்து நாலு வாரத்தில் கவனித்துவிட்டான்.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பார்க்காமலே உயிருக்குயிராக இருந்தார்களே. அதுபோன்ற தூய நட்பைக் காதல் என்று கொச்சைப்படுத்துவது நியாயமா?
– மயிலாப்பூர்

அவர்கள் நட்பை நட்பாகவே வைத்துக்கொள்வோம், எனக்கு அதில் கை வைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் எட்டாவது அத்தியாயத்தை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். டியூஷனில் ஒரு பெண் முரளியிடம் நோட்டு வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசுகிறாள். கிளப் பையன்கள் எல்லோரும் முரளியை ஓட்டுகிறார்கள், 'ட்ரீட் எப்போடா' என்கிறார்கள். அவர்கள் முரளியின் நண்பர்கள். ஸ்டீபனும் கூடச் சேர்ந்து சிரிக்கிறான், வீட்டுக்குப் போகிறான், அம்மா தட்டில் போட்ட தோசையை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். அதற்கு நட்பு என்று பெயர் வைத்தால் ஸ்டீபன் பாவம். காதல் என்று சொன்னால் அதில் என்ன கொச்சை இருக்கிறது என்பதும் எனக்குப் புரியவில்லை.

ஸ்டீபன் பிற்பாடு திருநங்கையாக மாறிவிடுவானா?
– வில்லிவாக்கம்

இல்லை. திருநங்கை என்பவர் தன்னைப் பெண்ணாக உணர்கிறவர். ஸ்டீபன் தன்னை ஆணாகத்தான் உணர்கிறான், அவன் மனசு போவது இன்னொரு ஆணிடம். இரண்டும் வேறு வேறு. இந்தியாவிலேயே முதலில், 2008-ல், திருநங்கைகளுக்கு நல வாரியம் வைத்த மாநிலம் நம்முடையது. இந்த வித்தியாசம் நமக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். இன்னும் சிலர், ஸ்டீபனின் பெஞ்சில் யாரோ காம்பஸ் முனையால் 'ஒன்பது' என்று கீறிவைக்கும் காட்சியை ஏன் அச்சில் போட்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பது அதுதான். அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், திருநங்கைகளும் சரி, என் தம்பி மாதிரிப் பையன்களும் சரி, அதைப் படித்துவிட்டு ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?
– பாரிமுனை

வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை. இதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, கடைசியில் 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து வயது வந்தோர் விஷயத்தில் அது குற்றமில்லை என்று தீர்த்தார்கள். திருமண உரிமை மட்டும் 2023 அக்டோபர் தீர்ப்பில் கிடைக்கவில்லை.

நீங்கள் பாரிமுனை என்பதால் உங்கள் பக்கத்துக் கட்டிடமான சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததையும் சொல்கிறேன். மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயத்தில் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்பது அதில் ஒன்று. அன்றைக்கு ராத்திரி என் தம்பிக்கு அதை வாசித்துக் காட்டினேன். 2025 மே மாதம் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறது. முரளிக்கும் ஸ்டீபனுக்கும் இன்னும் 18 ஆகவில்லை. அவர்களை நிம்மதியாகப் படிக்க விட்டால் இப்போதைக்குப் போதும்.

என் மகனுக்கு 16 வயது. படுக்கை உறை மாற்றும்போது மெத்தைக்கு அடியில் உங்கள் தொடர்கதைப் பக்கங்கள் இருந்தன. இதுவரை வந்த பதினேழு வாரமும் ஓரம் பிசகாமல் வெட்டி, ஸ்டேப்ளர் போட்டு வைத்திருக்கிறான். இருந்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– மடிப்பாக்கம்

திருப்பி வைத்தீர்கள் பாருங்கள், பெரிய விஷயம் அது. எங்கள் அப்பா செய்யாதது.

அவனிடம் நேராகக் கேட்காதீர்கள். பிடித்த கதையைப் பத்திரப்படுத்தும் பையனாகவும் அவன் இருக்கலாம், ஸ்டீபன் மாதிரிப் பையனாகவும் இருக்கலாம். எதுவானாலும் சொல்ல வேண்டியவன் அவன், சொல்லும் நாளும் அவனுடையது. நீங்கள் செய்யக்கூடியது, உங்களிடம் சொன்னால் வீடு இடிந்துவிடாது என்று அவனுக்குத் தெரியும்படி செய்வது. டிவியில் இப்படி ஒருவரைக் கேலி செய்து காமெடி வந்தால், சிரிக்காமல், 'என்ன இது, பாவம்' என்று நீங்கள்பாட்டுக்குச் சொல்லுங்கள். அவன் காதில் விழும். இந்த வாரப் பத்திரிகையைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேஜை மேலேயே வையுங்கள், ஒளித்து வெட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

ஜாதகம், பரிகாரம், 'ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' பேச்சு, எதுவும் வேண்டாம். யாராவது டாக்டர் மாற்றித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்; அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது. அவன் சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்குகிறான் என்று பட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவனுக்கு மட்டுமில்லை, தூக்கம் வராத உங்களுக்கும்தான் அது. சென்னையில் 'ஓரினம்' என்ற அமைப்பு இருபது வருடத்துக்கு மேலாக இந்த விஷயத்தில் இயங்குகிறது, பெற்றோருக்காகத் தமிழிலும் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். தேடிப் படியுங்கள். அவரிடம் எப்போது சொல்வது என்பதையும் மகன் உங்களிடம் பேசிய பிறகு அவனையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

தூக்கம் வராத ராத்திரி ஒன்றில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். கட்டாயம் பதில் போடுவேன்.

எனக்குக் கேள்வி ஒன்றும் இல்லை. 1983-ல் எனக்கும் ஒரு முரளி இருந்தான். அவனுக்கு முதலில் கல்யாணம் ஆனது, பந்தியில் பரிமாறியது நான்தான். எனக்கு இப்போது பேரன் இருக்கிறான். இந்த வயதில் இதைப் படித்துவிட்டு பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.
– அம்பத்தூர்

உங்கள் கடிதத்தைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன் அண்ணா. உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

ஸ்டீபனைக் கொன்னுடாதீங்க அக்கா. ப்ளீஸ்.
– வியாசர்பாடி

பதினாலாவது வாரத்தில் வந்தது இது. கிராஃப் பேப்பரில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, பச்சை ஸ்கெட்ச் பேனாவில். வேறு ஒரு வரியும் இல்லை. ஸ்டீபனைக் கொல்வதாக நான் எங்கேயும் எழுதவில்லையே, அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். ஆனால் அதே வாரம் நிறைய பேர், பெரியவர்களும்கூட, 'எப்படிச் சாகிறான், தண்டவாளமா, விஷமா' என்கிற மாதிரிக் கேட்டிருந்தார்கள். காய்ச்சல் என்று எழுதினால் சாவு என்று எல்லோருக்கும் ஏன் படுகிறது? இத்தனை வருடம் நாம் பார்த்த கதைகளில் இப்படி ஒருவன் வந்தால் சிரிப்புக்கு வந்தான், இல்லையென்றால் கடைசியில் செத்துப்போனான். செத்தால் நாமும் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, நல்ல மனசுக்காரர்களாக எழுந்து போய்விடலாம். உயிரோடு, காய்ச்சல் தெளிந்து, எதிர்வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு அவன் இருந்தால்தான் நமக்குச் சங்கடம்.

கதையில் பெரிய சம்பவமே இல்லை, சப்பென்று முடிந்துவிட்டது என்று எழுதியவர்களுக்கும் என் பதில் இதுவே. இந்தப் பிள்ளைகளுக்குச் சப்பென்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இருபது வாரம் எழுதினேன்.

வியாசர்பாடித் தம்பி, அந்த கிராஃப் பேப்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஸ்டீபன் நன்றாக இருக்கிறான். நீயும் இரு. மனசு பாரமான ராத்திரி வந்தால், மேலே மடிப்பாக்கத்து அம்மாவுக்குச் சொன்ன நம்பர் உனக்கும்தான்.

நான் ரிட்டயர்டு கண்டக்டர். 29சி-யில் காலையில் பெரம்பூரில் ஏறிக் கடைசி சீட்டில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்காத காரியம்.
– அயனாவரம்

ஞாயிறு காலை ஆறரை மணி வண்டி சார். ஜெமினி வரைக்கும் காலியாகத்தான் போனது, மயிலாப்பூரில்தான் கூட்டம் ஏறியது.

கடைசியில் பஸ்ஸில் முரளி காதில் ஸ்டீபன் என்னதான் சொன்னான்?
– நங்கநல்லூர், கே.கே. நகர், ஆவடி, இன்னும் பலர்

அது அவர்கள் இருவருக்குள். நானும் கேட்கவில்லை.

முரளி பிளஸ் டூ பாஸா?
– பெரம்பூர்

பாஸ். கணக்கில் 61. ஸ்டீபனுக்கு 65. அந்த நாலு மார்க்கை இன்னும் கேரம் போர்டில் வைத்துச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறான்.