செக்வேயில் ஊர் சுற்றுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் கணவரும் அறுபது வயதை நெருங்குகிறோம். வெளிநாட்டுப் பயணத்தின்போது ஒரு நகரத்தை, நின்றுகொண்டே ஓட்டும் இருசக்கர மின்வண்டியான செக்வேயில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம் என்று மகள் சொல்கிறாள். ஒரு நிறுவனம் இரண்டு மணி நேரத்தில் 12 இடங்களையும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில் 6 இடங்களையும் காட்டுவதாக விளம்பரம் செய்கின்றன. இருவரும் இதுவரை அந்த வண்டியில் ஏறியதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இடங்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் எவ்வளவு நேரம் பயிற்சி தருவார்கள் என்றும், அந்த நேரம் விளம்பரத்தில் சொன்ன மணிக்கணக்கில் அடங்குமா என்றும் இரு நிறுவனங்களிடமும் எழுதிக் கேளுங்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் போய்விட்டால், முதல் நிறுவனத்திடம் மீதமிருப்பது 90 நிமிடங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்தால், போகும் நேரத்தையும் சேர்த்து ஓர் இடத்துக்கு ஏழரை நிமிடம்தான் கிடைக்கும். இரண்டாவதில் அது 25 நிமிடமாகிறது. செக்வேயை ஓட்டிக்கொண்டே கோபுரத்தை அண்ணாந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. பார்ப்பது, கேட்பது, படம் எடுப்பது எல்லாம் நிறுத்தும் இடங்களில்தான் என்பதால், நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

பயிற்சியை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் வண்டியின் அமைப்புதான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 2001 டிசம்பரில் அறிமுகப்படுத்திய இந்த வண்டியில், இரு சக்கரங்கள் பக்கவாட்டில் இருக்க, நடுவே உள்ள பலகையில் நாம் நிற்கிறோம். முன்னால் சாய்ந்தால் அது முன்னே போகிறது, பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கிறது. தனியாக பிரேக் கிடையாது. நம் சாய்வை ஜைரோஸ்கோப் சென்சார்கள் நொடிக்குப் பலமுறை அளந்து சொல்ல, மோட்டார்கள் சக்கரங்களை நமக்குக் கீழேயே கொண்டுவந்து நிறுத்துகின்றன. நேராகப் போவதற்குப் பெரும்பாலோர் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள். நிற்பதும் இறங்குவதும்தான் சிக்கல். பதற்றத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினால், வண்டி நகரத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏற்றி, நிறுத்தச் சொல்லி, குறுகிய இடத்தில் திருப்பச் சொல்லி, சிறு சரிவில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே சாலைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிதான் உங்களுக்கு வேண்டும். எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் காணொளி ஒன்றைக் காட்டிவிட்டுக் கிளம்புவது பயிற்சி ஆகாது.

இந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். புதியவர்களுக்காக மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தும் அமைப்பும் உண்டு. அது இயங்கும்போது கைப்பிடியருகே உள்ள சிறு திரையில் ஆமைப் படம் தெரியும். சுற்றுலா முழுவதும் ஆமை இருக்குமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வேக வரம்பைத் தாண்ட முயன்றால் கைப்பிடி நம்மை நோக்கிப் பின்னால் தள்ளும். இதை முதன்முறையாக நடுச்சாலையில் உணர்ந்தால் திடுக்கிட வைக்கும் என்பதால், பயிற்சித் திடலிலேயே ஒருமுறை உணர்ந்து பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பது. வரிசையாகப் போகும்போது முன்னவர் சாலையைக் கடந்துவிட, பின்னவர் சிக்னலில் மாட்டிக்கொள்கிறார். பிறகு கூட்டத்தைப் பிடிப்பதற்காக விரைகிறார். பதினான்கு பேர் கொண்ட குழுவில் கடைசி ஆளாக ஒருமுறை போன அனுபவத்தில் சொல்கிறேன், வழிகாட்டி சொன்ன கதைகளில் பாதி என் காதில் விழவே இல்லை. எட்டுப் பேருக்கு மேல் என்றால் கடைசியில் இன்னொரு உதவியாளர் வருகிறாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உங்கள் வயது இதற்குத் தடையில்லை. ஆனால் நெடுநேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும், பலகையில் ஏற ஒரு படிக்கட்டின் உயரம் கால் தூக்க வேண்டும். முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, எடை 38 கிலோ. சைக்கிளில் கெட்டிக்காரன். அவனையும் அழைத்துப் போகலாமா?

பதில்: கூடாது. பல சுற்றுலாக்களில் பயன்படும் ஐ2 வகை வண்டிக்கு ஓட்டுநரின் எடை 45 கிலோவிலிருந்து 118 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மேல் வரம்பு ஏன் என்பது எல்லோருக்கும் எளிதில் புரியும். கீழ் வரம்பைத்தான் பெற்றோர் அலட்சியப்படுத்துகிறார்கள். வண்டியே சுமார் 47 கிலோ கனம். அதைவிட எடை குறைந்த பிள்ளை பின்னால் சாய்ந்தாலும் வண்டியை நிறுத்தும் அளவுக்கு ஈர்ப்பு மையம் நகராமல் போகலாம். எனவே இது திறமையைப் பொறுத்த விஷயம் அல்ல. ஒரே வண்டியில் அப்பாவுடன் நிற்கவைக்கலாம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அந்த நிறுவனத்தையே தவிர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் இதில் ஏறக் கூடாது.

கேள்வி: செக்வே வண்டி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்கிறார்களே, பழைய வண்டியில் ஏறுவது ஆபத்தில்லையா?

பதில்: செய்தி உண்மைதான். 2015-இல் சீனாவின் நைன்பாட் நிறுவனம் செக்வேயை வாங்கியது. நாம் பேசும் இந்த இருசக்கர வண்டியின் தயாரிப்பு 2020 ஜூலையில் நின்றது. ஆகவே சுற்றுலா நிறுவனங்களிடம் உள்ள வண்டிகளில் பல, வயதானவை. வயதைவிடப் பராமரிப்பைத்தான் பார்க்க வேண்டும், குறிப்பாக பேட்டரியை. 2003-இல் சுமார் 6,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணமே, பேட்டரி மிகவும் இறங்கிய நிலையில் வண்டி சமநிலையைத் தாங்க முடியாமல் ஓட்டுபவர் விழக்கூடும் என்பதுதான். மென்பொருளை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். இன்றும், மாலையில் கிளம்பும் சுற்றுலாவுக்குக் காலையில் ஓடிய அதே வண்டிதான் என்றால், இடையில் சார்ஜ் செய்தார்களா என்று கேளுங்கள். டயர்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: பழைய நகரப் பகுதியைச் செக்வேயில் பார்க்க ஆசை. எல்லா ஊர்களிலும் அனுமதி உண்டா?

பதில்: இல்லை. நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று புகார்கள் குவிந்ததால், செக் நாட்டின் தலைநகரான பிராக் 2016-இல் தன் வரலாற்று மையப் பகுதியில் செக்வேயைத் தடை செய்தது. வேறு ஊர்களிலும் கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டே இருப்பதால், விளம்பரத்தில் உள்ள அழகான படத்தை நம்பாமல், பாதை வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். தடை செய்யப்பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு பூங்காக்களிலும் ஆற்றங்கரையிலும் மட்டும் ஓடும் சுற்றுலாவுக்கும் அதே படத்தைப் போடுகிறார்கள். கல் பதித்த பழைய தெருக்கள் நனைந்தால் வழுக்கும் என்பதால், மழை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று கிளம்பும் முன் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை முந்தைய நாளே மின்னஞ்சலில் கேட்டு, உங்கள் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். சில காப்பீடுகளில் இப்படிப்பட்ட வண்டிகள் விலக்கப்பட்டிருக்கும்.