பீட்டா விண்டோஸ்: கேளுங்க, சொல்றேன்

பீட்டா எனப்படும் விண்டோஸ் 11 சோதனைப் பதிப்புகளைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து இன்னும் கூடிவிட்டது. ஈரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். விண்டோஸ், பிரின்டர், பில்லிங் மிஷின் பற்றிக் கேட்டால் பதில் சொல்வேன். கேம், மேக் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் கம்ப்யூட்டரில் பீட்டா போடாதீர்கள்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவர்: அண்ணா, சோதனைப் பதிப்பு தரும் மைக்ரோசாஃப்டின் இன்சைடர் திட்டத்தில் கேனரி, டெவ், பீட்டா, ரிலீஸ் ப்ரிவியூ என்று நாலு இருக்கிறது. எதை எடுப்பது?

2014இல் விண்டோஸ் 10க்காக இன்சைடர் திட்டத்தைத் தொடங்கினார்கள். கேனரி 2023இல்தான் வந்தது. அதில் பார்க்கும் வசதி கடைசியில் மக்களுக்கு வரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. டெவ், பீட்டா இரண்டிலும் ஓரளவு உருவான வேலைகள் வரும். ரிலீஸ் ப்ரிவியூவில் வருவது அநேகமாக எல்லோருக்கும் போகப்போகும் பதிப்பு.

நீங்கள் சேருவதைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் வெளியே வருவதைப் பற்றிச் சொல்கிறேன். கேனரியிலிருந்து வெளியேற, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவது ஒன்றே வழி. டெவ், பீட்டாவிலும் பெரும்பாலும் அதே கதைதான். ரிலீஸ் ப்ரிவியூவில் இந்தத் தொல்லை இல்லை. போதாததற்கு, விருப்பத் தரவு என்று அவர்கள் சொல்லும் கூடுதல் விவரங்களை அனுப்பச் சம்மதித்தால்தான் இன்சைடரில் சேரவே முடியும். பிராஜெக்ட் வேலை இருக்கிற லேப்டாப் என்றால் ரிலீஸ் ப்ரிவியூவைத் தாண்டாதீர்கள் தம்பி.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்கர்: ஆபீஸ் டேலி சிஸ்டம் ரொம்ப மெதுவாக இருக்கிறது. பீட்டா போட்டால் வேகமாகுமா?

ஆகாது. 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த நேரம் பார்த்து டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உள்ளே இருப்பது பழைய ஹார்டுடிஸ்க் என்றால் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். அதில் கிடைக்கிற வேகம் எந்தப் பீட்டாவிலும் கிடைக்காது.

பொள்ளாச்சி: நண்பருக்குப் புது ஸ்டார்ட் மெனு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பில்டு (பதிப்பு) எண்தான்.

பில்டு ஒன்றாக இருந்தாலும் வசதியைத் தவணை தவணையாகத்தான் திறந்துவிடுகிறார்கள். அதன் நிரல் உங்கள் கம்ப்யூட்டரிலும் தூங்கிக்கொண்டிருக்கும், சுவிட்ச் மட்டும் அவர்கள் கையில். முதலில் கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்து, சிக்கல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் புதியவற்றை உடனே பெறும் பட்டன் இருக்கிறது. அதை ஆன் செய்தால் வரிசையில் கொஞ்சம் முன்னால் போகலாம். பின் செய்தவை, எல்லா ஆப்கள் இரண்டையும் ஒரே நீளப் பக்கத்தில் போட்டதும், பரிந்துரைப் பகுதியை மறைக்க விட்டதும் நல்ல மாற்றம். விண்டோஸ் 11 வந்த 2021இலேயே செய்திருக்கலாம். சுவிட்சை நாமே திறக்கும் வெளிக் கருவிகளும் உண்டு. வீட்டு மிஷினில் உங்கள் பாடு.

ஈரோடு, மஞ்சள் மண்டி எடைமேடை: பையன் ஏதோ 'பாதுகாக்கப்பட்ட பிரின்ட்' என்று வந்ததை ஆன் செய்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரே காணாமல் போய்விட்டது. காலையிலிருந்து லாரிகள் நிற்கின்றன.

அமைப்புகளில் பிரின்டர் பக்கம் போய் அதே பட்டனை ஆஃப் செய்யுங்கள். பிறகு பிரின்டர் டிரைவரை மறுபடி நிறுவுங்கள். ஆன் செய்யும்போது பழைய டிரைவரை அது எடுத்துவிடும், ஆஃப் செய்ததால் மட்டும் திரும்பி வராது.

மற்றவர்களும் இதைக் கவனியுங்கள். விண்டோஸ் 11இன் 2024 பதிப்பான 24எச்2இல் வந்த வசதி இது. ஆன் செய்தால் மோப்ரியா (பிரின்டர் கம்பெனிகளின் கூட்டமைப்பு) சான்று பெற்ற பிரின்டர்கள் மட்டுமே ஓடும், கம்பெனி டிரைவர் எதுவும் உள்ளே வராது. 2021இல், பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் பகுதியான பிரின்ட் ஸ்பூலரில் 'பிரின்ட் நைட்மேர்' என்ற பெரிய ஓட்டை வெளிவந்தது. டிரைவர் நிறுவும் வழியாகவே கம்ப்யூட்டர் முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. அதனால் டிரைவர்களையே ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் எடைமேடையில் சீட்டு மூன்று தாளாக வரும்: வெள்ளை லாரிக்காரருக்கு, ரோஸ் மண்டிக்கு, மஞ்சள் கட்டுக்கு. மேல்தாளில் ஊசி அடிக்கிற அடி மூன்றாம் தாளில் இறங்க வேண்டும். மை தெளிக்கிற பிரின்டரும் லேசரும் அந்த வேலைக்கு ஆகாது. டாட் மேட்ரிக்ஸை இங்கே யாரும் பழம்பெருமைக்காக வைத்திருக்கவில்லை.

வெளிக் கம்பெனி பிரின்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். 2027 ஜூலைக்கு மேல் பாதுகாப்புத் திருத்தம் தவிர புதிதாக எதுவும் அதில் வராது. நாமே நிறுவிக்கொள்ளத் தடை இல்லை. ஆகவே உங்கள் பிரின்டரின் டிரைவர் கோப்பை இன்றைக்கே ஒரு பென்டிரைவில் எடுத்து, பேர் எழுதி, கல்லாப்பெட்டியில் போடுங்கள்.

நாமக்கல்: அரசு கொடுத்த இலவச லேப்டாப், 2013. விண்டோஸ் 11 ஏறுமா?

முறையாக ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் எல்லாம் கேட்கும். குறுக்குவழியில் ஏற்றலாம், ஏற்றி என்ன செய்வீர்கள்? விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. போட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். விண்டோஸ் 10தான் வேண்டும் என்றால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் திட்டம் இருக்கிறது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது.

கோவை, பீளமேடு, ஐ.டி. ஊழியர்: 2025 அக்டோபரில் வந்த டெவ், பீட்டா பில்டுகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் அக்கவுண்டில் நிறுவும் குறுக்குவழிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். என் காசில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு இவர்களுக்கு எதற்கு என் மெயில் ஐடி?

கோபம் நியாயம். 2021இல் ஹோம் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கட்டாயமாக்கினார்கள், 2022இல் ப்ரோவுக்கும். 2025 மார்ச்சில் ஒரு குறுக்குவழியைப் பீட்டாவிலிருந்து தூக்கினார்கள், அக்டோபரில் மீதியையும். நிறுவி முடித்த பிறகு அமைப்புகளில் லோக்கல் பயனரை உருவாக்க இன்னும் வழி இருக்கிறது.

ஆனால் நான் கடையில் பார்க்கும் சிக்கலே வேறு. கணக்கு இருக்கிறதா இல்லையா என்பதை விட, அது யாருடைய கணக்கு என்று பாருங்கள். லேப்டாப் விற்கிற இடத்தில் அவசரத்துக்குக் கடைப் பையன் தன் ஐடியைப் போட்டு ஆன் செய்து கொடுத்துவிடுகிறான். 24எச்2 புதிதாக நிறுவிய மிஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனதும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். வாங்கியவருக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆகும், அல்லது மதர்போர்டு மாற்றுவார்கள். நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்கும்.

பவானியிலிருந்து ஒரு ஜமக்காள வியாபாரி அப்படித்தான் வந்தார். வாங்கிய கடைக்குப் போன் போட்டோம். ஐடி போட்ட பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். ஐடி என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சாவி இல்லாமல் அந்த டிஸ்கை நானும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டும் திறந்து தராது. அழித்துப் புதிதாகப் போட்டோம். வரவேண்டிய பாக்கிக் கணக்கு முழுவதும் போயிற்று.

கரூர்: அப்போ லோக்கல் அக்கவுண்டே மேல் என்று ஆகிறதே? பூட்டே விழாது.

விழாது, சரி. நூல் ஏஜென்ட் ஒருவர் லேப்டாப்பைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்குகிறார் என்று வையுங்கள். எடுத்தவன் டிஸ்கைக் கழற்றி வேறு மிஷினில் மாட்டினால் பாஸ்வேர்டெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது. பார்ட்டி விலை, பேங்க் விவரம் எல்லாம் அவன் கையில். பூட்டு வேண்டும், சாவியும் நம்மிடம் வேண்டும்.

கோவை, பீளமேடு (மறுபடி): சாவியை அவர்கள் சர்வரில் வைத்துவிட்டு நம்மிடம் என்கிறீர்களே?

உங்களுக்கு அது உறுத்தினால் ப்ரோ பதிப்பு வாங்குங்கள். லோக்கல் கணக்கிலேயே பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டைப் போட்டு, சாவியைக் காகிதத்தில் அச்செடுத்து வைக்கலாம். நீங்கள் ஐ.டி.யில் இருப்பவர், காகிதத்தைத் தொலைக்க மாட்டீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பில்லையே தொலைத்துவிட்டு வாரன்டி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தக் கணக்கில் சாவி இருப்பதே நல்லது.

பெருந்துறை, சர்வீஸ் சென்டர்: ஏனுங்கண்ணா, எங்களை மட்டும் குற்றம் சொல்றீங்க. கஸ்டமருக்குத் தன் மெயில் பாஸ்வேர்டே தெரியறதில்ல. நாங்க என்னதான் பண்றது?

உங்கள் பாடு எனக்கும் தெரியும். என் கடையில் மிஷினைக் கொடுக்கும் முன் கஸ்டமரை உட்காரவைத்து, அவர் போன் நம்பரிலேயே கணக்குத் திறக்கச் சொல்கிறேன். ஓடிபி அவர் போனுக்கு வரும். பிறகு கணக்குப் பக்கத்தில் சாதனங்கள் பகுதியைத் திறந்து, அந்த 48 இலக்கத்தையும் காட்டி, பில் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதவைக்கிறேன். ஆறு ஆறாக எட்டுக் கட்டு. முணுமுணுப்பார்கள், எழுதட்டும். அவசரம் என்று குதிக்கிறவருக்கு மிஷினை ஆன் செய்யாமல் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். உங்கள் ஐடியை மட்டும் போடாதீர்கள்.

கரூர் (மறுபடி): இதெல்லாம் ஆளை உள்ளே இழுக்கிற வியாபாரத் தந்திரம்.

வியாபாரமும் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. இதுபற்றி இத்தோடு போதும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

உடுமலை: எனக்கும் புது ஸ்டார்ட் மெனு வரவில்லை.

பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

திருச்செங்கோடு, அச்சகம்: புதிதாக விண்டோஸ் போட்டதும் லதா எழுத்துரு இல்லை. பழைய பத்திரிகைக் கோப்புகளைத் திறந்தால் எழுத்து வேறு மாதிரி வருகிறது.

லதாவும் விஜயாவும் இப்போது கூடவே வருவதில்லை. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் என்ற பகுதியில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று தேடி நிறுவுங்கள், வந்துவிடும். பாமினி மாதிரி பழைய குறியீட்டு எழுத்துருக்கள் விண்டோஸோடு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அவற்றைப் பழைய மிஷினிலிருந்து நீங்கள்தான் எடுத்து வரவேண்டும். அச்சகத்தில் பீட்டா வேண்டாம், முகூர்த்த மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

சத்தியமங்கலம்: மிஷின் நின்றால் நீலத்திரைக்குப் பதில் கறுப்புத் திரை வருகிறது. டிஸ்பிளே போச்சா?

போகவில்லை. 2025இல் அவர்களே நிறத்தைக் கறுப்பாக்கிவிட்டார்கள். நீலமோ கறுப்போ, கீழே இருக்கும் பிழைக் குறியீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

தாராபுரம்: டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். பீட்டா போட்டால் கோப்பு தப்பிக்குமா?

பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் 2018 அக்டோபரில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10இன் 1809 அப்டேட்டை வெளியிட்டுச் சில நாளிலேயே நிறுத்தினார்கள். உங்களைப் போல ஃபோல்டரை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டவர்களிடம், பழைய இடத்தில் மிச்சமிருந்த ஃபோல்டரைக் காலி என்று நினைத்து அது அழித்தது. அதில் கோப்பு இருந்தவர்களுக்குக் கோப்பும் போனது. வெளியீட்டுக்கு முன்பே சில இன்சைடர்கள் இதைப் புகாராகப் பதிந்திருந்தார்கள். வேறு புகார்களின் குவியலில் அது யார் கண்ணிலும் படவில்லை.

சி டிரைவில் பழைய டாக்குமென்ட்ஸ் இன்னும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருப்பதை டிக்கு நகர்த்திவிட்டு, மொத்தத்தையும் வெளி ஹார்டுடிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். டி டிரைவிலேயே இன்னொரு ஃபோல்டரில் பிரதி வைத்தால் அது காப்பு ஆகாது.

மேட்டுப்பாளையம்: மேக்கில் டஹோ பதிப்பு போட்டதும் லாஞ்ச்பேடைக் காணோம். எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

அதை ஆப்பிளே எடுத்துவிட்டு ஆப்ஸ் என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் மேக் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

காங்கேயம், அரிசி ஆலை: எங்கள் ஆடிட்டர் ஆபீஸிலேயே பீட்டாதான் ஓடுகிறது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

20ஆம் தேதி சாயங்காலம் போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.