மாத்திரையோடு நன்றாக இருந்தாலும் மீண்டதாகத்தான் அர்த்தம்

கேள்வி: வயது 36. மனச்சோர்வுக்கு ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டேன், நன்றாக இருந்தேன். மாத்திரையை விட்டுவிட்டு ஓட்டப்பயிற்சியாலேயே குணமானதாக ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்துப் பத்து நாளுக்கு முன் நானும் நிறுத்திவிட்டேன். இப்போது தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு. மறதி, முடி கொட்டுதல் வேறு. எல்லோரும் மீண்டுவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை? நான் இல்லாவிட்டால் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள் என்றும் சில நேரம் தோன்றுகிறது.

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடைசி வரியை முதலில் பார்ப்போம். மனச்சோர்வில் பலருக்கும் வருகிற எண்ணம்தான் இது. வந்ததற்காக வெட்கப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் கூடாது. வீட்டில் ஒருவரிடம் இன்றே, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மீதமுள்ள மாத்திரைகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் மருத்துவருக்குப் போன் செய்து, இன்றே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உயிரை எப்படி விடுவது என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால், நள்ளிரவானாலும் யாரையாவது கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தனியாக இருக்காதீர்கள். வீட்டாருக்கும் ஒன்று: 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

தலைசுற்றலும் ஷாக் உணர்வும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்திருக்கலாம். மூளை கெட்டுவிடவில்லை. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும். தூக்கமும் பசியும் ஆர்வமும் ஒவ்வொன்றாகக் குறையும். இரண்டும் கலந்தும் வரலாம் என்பதால் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மறதி மனச்சோர்விலேயே வரும். முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஓட்டக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார். லேசான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நன்றாகவே உதவும். ஆனால் அவருக்கு நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது, எந்த மருந்து, எத்தனை மாதம் சாப்பிட்டார், படிப்படியாகக் குறைத்தாரா? இதெல்லாம் தெரியாமல் அவர் செய்ததை நீங்கள் எப்படிச் செய்யலாம்? முதல் முறை வந்த மனச்சோர்வுக்கே, நன்றான பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரை தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 2 ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். நீங்களோ ஆரம்பித்த நாளிலிருந்தே ஐந்து மாதம்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள்!

மீண்டவர் கதைதான் வேண்டுமென்றால் எலின் சாக்ஸைப் பற்றிப் படியுங்கள். அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர். அவருக்கு இருப்பது வேறு நோய், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா): இல்லாத குரல் கேட்பது, நிஜம் எது என்று பிரித்தறிய முடியாமல் போவது போன்றவை வரும் நோய். மாத்திரையைக் குறைத்துப் பார்த்தபோதெல்லாம் நோய் முற்றியதை அவரே சொல்லியிருக்கிறார். மருந்தும் மனநல சிகிச்சையும் தொடர்ந்தபடியே பாடம் நடத்தினார், ஆய்வு செய்தார், 2009இல், தம் துறையில் சிறந்து விளங்குபவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நல்கையும் பெற்றார்.

சரியாகவில்லை என்கிறீர்கள். மாத்திரை சாப்பிட்டபோது நன்றாக இருந்தேன் என்று எழுதியதும் நீங்கள்தானே? அப்போது நீங்கள் மீண்டுதான் இருந்தீர்கள். மறுபடியும் அந்த நிலைக்கு வர முடியும். பழைய மாத்திரையை நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். எந்த அளவில் தொடங்குவதென்று மருத்துவர் சொல்லட்டும். மருந்துச் சீட்டையும் நிறுத்திய தேதியையும் கையோடு கொண்டுபோங்கள்.